வண்டி ஆறட்டும்

சலேத்மேரி கம்பளியை விலக்கி, வண்டியின் சிலிண்டர்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள். சுட்டது. தோசைக்கல் சூடு இல்லைதான், ஆனால் இந்த மார்கழிக் குளிரில், தகரக் கொட்டகைக்குள் ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற இரும்பு இப்படிச் சுடக் கூடாது. மறுபடி வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, யாரோ ஓட விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, இந்த வண்டியைத் தொடுகிற ஆள் அருவங்காடு முழுக்க ஒருத்திதான், அவள் முதல் வெள்ளிப் பூசை கண்டுவிட்டு முக்காட்டைக்கூட எடுக்காமல் இங்கே நிற்கிறாள். ஐயோ சலேத்து, என்ன காரியம் பண்ணித் தொலைச்சே. நேற்றுச் சாயங்காலம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு போனில் பேசினாளே, அந்தக் கோயமுத்தூர்க்காரர், கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிற கிட்டுசாமி, எவ்வளவு தன்மையாகச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க அம்மிணி. நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிப்போடாதீங்க. வந்ததும் கைய வெச்சுப் பாப்பேன். ஜில்லுன்னு இருந்துச்சுன்னா உதைச்சுப் பாத்துட்டு ஏத்திக்கிட்டுப் போறேன். சூடா இருந்துச்சுன்னா ஒரு பேச்சும் பேசாம திரும்பிப்போடுவேன். கோவிச்சுக்கக் கூடாது, ரண்டு தடவ ஏமாந்துட்டேனுங்க." அவர் சொன்னதில் தப்பே இல்லை. பழைய இன்ஜினில் கோளாறு இருந்தால் குளிர்ந்த நேரத்தில்தான் அது காலை வாரும், அதனால் விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட விட்டுச் சூடேற்றி வைத்துக்கொண்டு, ஆள் வந்ததும் ஒரே உதையில் எடுத்துக் காட்டுவார்கள். அது ஒரு திருட்டு வேலை. சரிங்க, தொட மாட்டேங்க என்று வாய் நிறையச் சொன்னாள். ராத்திரி படுக்கும்போதும் தொடக் கூடாது, தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் படுத்தாள். இப்போது வண்டி சுடுகிறது, அவர் எட்டு மணிக்கு வந்து நிற்பார்.

முதலில் கம்பளியை முழுசாக உருவி எறிந்தாள். இதை மூடி வைத்தால் சூடு எங்கே போகும், பட்டாளத்துக் கம்பளி, பிள்ளை பெற்றவளுக்குப் போர்த்துகிற கனம். கொட்டகைக் கதவு இரண்டையும் விரியத் திறந்தாள். பனி உள்ளே வந்தது, வா ராசா, இன்றைக்குத்தான் உன்னால் எனக்குக் காரியம். அடுப்படிக்கு ஓடி முறத்தை எடுத்து வந்து வண்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், மிலிட்டரி வண்டிக்கு முறத்தால் விசிறுகிறாள் பைத்தியக்காரி என்பார்கள். பைத்தியக்காரி என்ற சொல் மனசுக்குள் வந்ததும் முறம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வேகமாக விசிறினாள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் நொடியில் ஆறிவிடும், கூடாது, சூட்டு இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அவர் அவளைப் பார்த்துக் கத்தியது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். டிக், டிக் என்று வண்டி சத்தம் போட்டது. ஆறுகிற இரும்பு அப்படித்தான் சுருங்கிச் சுருங்கிப் பேசும். சீக்கிரம் பேசி முடி தாயி. இது முழு வண்டியாகவா வந்தது, பட்டாளத்து ஏலத்தில் எடுத்து, நாலு கோணி மூட்டையாக அல்லவா வந்து இறங்கியது. பி.எஸ்.ஏ. எம் இருபது, இரண்டாம் யுத்தத்துக்கென்று செய்த வண்டி, இதுமாதிரி இன்னொன்று இப்போது கிடைக்காது என்று இன்றைக்கு ஆளாளுக்குப் போன் பண்ணுகிறார்கள், அன்றைக்கு மூட்டையைப் பார்த்த அவள் அம்மா, மாப்பிள்ளை காயலான் கடை வைக்கப் போறாரா என்று கேட்டாள். சீராக வந்த பித்தளை அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு நட்டாகக் கழுவிக் கொடுத்தது புதுப்பெண் சலேத்மேரிதான். மருதாணி போகவில்லை, அதற்குள் நகத்தில் கருப்பு ஏறிவிட்டது. அண்டாவில் அந்த வாடை இன்னும் இருக்கிறது, அதில் சமைத்ததே இல்லை. அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, மற்ற பெண்களுக்கு அண்டா பரண்மேல் கிடந்தது, அவள் அண்டா ஒரு வண்டியைப் பெற்றுக் கொடுத்தது.

கையை வைத்தாள். இன்னும் சூடு. எப்போது ஸ்டார்ட் பண்ணினேன். அதுதான் தெரியவில்லை. இதைத் தள்ளிவிட்டு வேறு எதையாவது நினைக்கலாம் என்றால் மனசு ஈ மாதிரி அங்கேயே வந்து உட்காருகிறது. தினமும் எழுந்ததும் காப்பிக்கு முன்னால் இதுதான் முதல் வேலை, கம்பளியை எடு, பெட்ரோல் குழாயைத் திற, கார்புரேட்டர் பொத்தானைக் கசியும்வரை அழுத்து, உதை, ஜெபமாலையை எடுத்து ஒரு பத்து சொல். பத்து அருள் நிறைந்த மரியே முடிந்ததும் நிறுத்து, குழாயை மூடு, போர்த்து. வருஷக்கணக்காக இப்படித்தான். உள்ளே படுத்திருக்கிற அவருக்கு அதுதான் விடியல், கண்ணில்லாத மனுஷனுக்கு வேறு எது விடியல். ஆனால் இன்றைக்கு? இருட்டில் எழுந்தது ஞாபகம் இருக்கிறது. டார்ச்சை எடுத்தது, முக்காடு போட்டது, படியிறங்கும்போது கால் ஜில்லென்றது, எல்லாம் இருக்கிறது. கொட்டகைக்குள் போனது இல்லை. ஜெபமாலையில் பத்து மணி உருட்டிச் சொன்னது இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அது கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து சொன்னதா, இங்கே நின்று சொன்னதா? கை தானாகச் செய்திருக்கிறது, மனசு கூடப் போகவில்லை. அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் காப்பியில் உப்பு, எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். அப்புறம் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் ஒரு நாள் செத்துப்போன அத்தானுக்கு இலை போட்டுவிட்டு, இவர் இன்னும் வரலியே என்று வாசலைப் பார்த்தாள். போன வாரம் கோயிலில் குடையை மறந்து வந்தது யார்? சலேத்து. அதற்கு முன்னால் பால்காரனுக்கு இரண்டு தரம் பணம் கொடுக்கப் போனது? அதுவும் சலேத்து. உருவி எறிந்த கம்பளியை எடுத்து மடிக்கும்போது இன்னொன்று உறைத்தது. கம்பளி ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு உண்டு, அந்தக் கோடு எப்போதும் வெளியே தெரியும்படிதான் போர்த்துவாள், உள்பக்கம் எண்ணெய்க் கறை. இன்றைக்குக் கோடு உள்ளே கிடந்தது, கறை வெளியே இருந்தது. கர்த்தரே, போர்த்தக்கூடத் தெரியாமல் போய்விட்டதா எனக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் பார்வதி பல் துலக்கிக்கொண்டு வந்து நின்றாள். "என்னக்கா விசிறிட்டு இருக்கீங்க? இருட்டோட வண்டி சத்தம் கேட்டுச்சே, பூசைக்கு நேரமாகலியா அக்காவுக்குன்னு நினைச்சேன்." ஒன்றுமில்லை பார்வதி, கொசு என்றாள் சலேத்மேரி. இந்தப் பனியில் கொசுவாம். பார்வதி ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். ஆக, வண்டி ஓடியது நிச்சயம், ஓட விட்டவள் நிச்சயம், அவளுக்கு மட்டும் அது தெரியாது.

அவரிடம் கேட்டுவிடலாம். காலையில் வண்டிச் சத்தம் கேட்டீங்களா, நான் எப்போ ஓட விட்டேன் என்று. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார். கிட்டுசாமி போட்ட நிபந்தனையை அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் மனுஷன் முறுக்கிக்கொள்வார், இன்னாசிமுத்துவின் வண்டியைக் கை வைத்துப் பார்த்துச் சந்தேகப்படுகிறவனுக்கு வண்டி கிடையாது என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார், பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் பதினைந்து வருஷம் வேலை பார்த்த ரோஷம். முடித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஊட்டி ஓட்டல்காரர் ஒருத்தர்தான். அவர் மத்தியானம் லாரி அனுப்பத் தயாராக இருக்கிறார். வண்டியை ஓட்டல் வாசலில் சிமெண்டு மேடை கட்டி நிறுத்தி, எண்ணெயெல்லாம் வடித்து, சக்கரத்தை இரும்பு வைத்துப் பற்றவைத்து, பக்கத்துப் பெட்டிகளில் பூச்செடி வைப்பாராம், சீரியல் லைட் போடுவாராம், பார்க்க அம்சமாக இருக்கும்மா என்றார். மாசக் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்து மதுரையில் மகள் அமலி வீட்டுக்குப் போயாக வேண்டும், மூன்றாவது மாடி, வண்டிக்கு அங்கே இடமில்லை. கிட்டுசாமியோ ஓட்டல்காரரோ, விலையில் இரண்டு பேரும் குறைக்கவில்லை, அது இல்லை விஷயம். விற்பது என்று முடிவானபோது அவர் கேட்டது ஒன்றுதான். "ஓட்டறவன்கிட்ட குடு சலேத்து. நிக்க வெக்கறவன்தான் கிடைச்சான்னா, எங்கிட்ட ஓட்டறவன்னே சொல்லிரு. நான் என்ன பாக்கவா போறேன்." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவரிடம் அப்படி ஒரு பொய் சொல்லி அதை மதுரை வரைக்கும் சுமக்க அவளால் முடியாது. வண்டி ஓடுகிற கைக்குப் போய்ச் சேரணும், அவள் மாதாவிடம் மெழுகுவர்த்தி வைத்துக் கேட்டதும் அதுதான்.

காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எழுந்து, தலை சீவி, பாண்ட் போட்டு, காலில் ஷூவும் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விலைக்கு வாங்க வருகிறவர் முன்னால் மிடுக்காக இருக்கணுமாம். "பூசை நல்லா இருந்துச்சா?" என்றார். இருந்துச்சு. "என்ன பிரசங்கம்?" அவளுக்குத் திக்கென்றது. என்ன பிரசங்கம்? பத்துக் குஷ்டரோகிகள், ஒருத்தன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தது. அப்பாடா, ஞாபகம் இருக்கிறது. "திரும்பி வந்தவன் கதைங்க." அவர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்ல கதை" என்றார். முகம் ஏதோ திருவிழாப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. வண்டி போகிற நாளில் இவருக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று நினைத்தாள், நல்லது, சந்தோஷமாகவே இருக்கட்டும், போன வருஷம் கொட்டகையில் கால் தவறி வண்டி மேலே சாய்ந்து, வெல்லிங்டன் ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து சிரிப்பே குறைந்துவிட்டது. அன்றிலிருந்து கிக்கரைத் தொட மாட்டேன் என்று சிலுவையைத் தொட்டுச் சொல்ல வைத்திருக்கிறாள். படியிறங்கக்கூட அவள் கை வேண்டும். "ஏன் மூச்சு வாங்குது உனக்கு?" என்றார். "முறத்துல... அரிசி புடைச்சேங்க" என்றாள். விடிந்ததிலிருந்து பொய்யாக வருகிறது வாயில்.

மறுபடி முக்காலி, மறுபடி முறம். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கிற ஃபின் தகடுகளுக்கு நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள், வெளியே பரவாயில்லை, உள்ளே கதகதப்பு. பசுவின் மடி மாதிரி. இந்தக் கதகதப்பில் எத்தனை தரம் கையைக் காய வைத்திருக்கிறாள், குன்னூர் மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டு, மழையில் நனைந்து வந்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று. சர்க்கரை அவர் கண்ணை ஓரத்திலிருந்து தின்று நடுவுக்கு வந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒரு நாள் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "சலேத்து, நீ ஓட்டு" என்றார். காப்பி கொண்டு வா என்கிற குரலில். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க எனக்கு. "நல்லதுதான், தப்பாப் பழகியிருக்க மாட்டே." பின்னால் உட்கார்ந்து அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு, இப்ப கிளட்ச்சை விடு, மெதுவா, வலது கால்ல கியரு, அந்தக் காலத்து வண்டிக்கு எல்லாம் வலப்பக்கந்தான், ம், விடு, என்று கண் தெரியாத மனுஷன் அந்த மலை ரோட்டில் தன் உயிரை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் புருஷன் கொடுப்பான். தன் கண் போனதும் தன் வண்டியையும் கூடவே புதைத்துவிடுகிற ஆள்தான் ஊரில் அதிகம். அவர் அவளைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தார். பேக்டரி சங்கு ஊதும் நேரம் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவள் போகும்போது ஆட்கள் நின்று சிரித்தார்கள், ஒரு மாசம் சிரித்தார்கள், அப்புறம் அதே ஆட்கள் கை காட்டினார்கள். இன்னொன்றும் உண்டு, அது யாருக்கும் தெரியாது. வண்டி போகும்போது அவர் பின்னாலிருந்து ஊரைச் சொல்லிக்கொண்டே வருவார். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், "ரயில்வே மதில்" என்பார். சத்தம் விரிந்து போகும், "பாலம் வந்தாச்சு." சத்தம் மெத்தென்று அமுங்கும், "தைலமரம்." ஒன்றுகூடத் தப்பாது. இந்த வண்டிக் குரலில்தான் அவர் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் போய் இத்தனை வருஷம் ஊர் அவரை விட்டுப் போகாமலிருந்தது இதனால்தான். உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று வண்டியிடமே கேட்டாள். ஓட்டத் தெரிந்தவன் கையில் கொடுக்க ஒரு வழி இருந்தது, அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். இன்றைக்கு வண்டியை மறந்தேன், நாளைக்கு எதை மறப்பேன். ரயில்வே மதிலை, பாலத்தை, என் தோளில் இருந்த கையை. அவருக்குக் கண் நான், எனக்கே தெரியாமல் போனால் அவரை யார் படியிறக்குவார்கள். முறத்தை மடியில் வைத்துவிட்டு அழுதாள். அழுதுகொண்டே கையை வைத்துப் பார்த்தாள். கதகதப்பு போகவில்லை.

குட்டியானை வண்டி ஒன்று சரிவில் திணறி ஏறி வந்து வாசலில் நின்றது. எட்டுகூட ஆகவில்லை. இறங்கியவர் ஒல்லியாக, ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, குரங்குக்குல்லாயோடு இருந்தார். "வணக்கமுங்க அம்மிணி, நான் கிட்டுசாமி." பேசிக்கொண்டே வண்டியைப் பார்த்துவிட்டார். பச்சைப் பெயிண்டை, யுத்த காலத்தில் விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க ஹெட்லைட்டுக்குப் போட்ட மூடியை, அந்த மூடியில் இருந்த கீறலை எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் வந்திருந்தார், அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இவர் நிறுத்தி வைக்க மாட்டார், இவர் ஓட்டுவார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவர் கையை நீட்டினார். கை படுவதற்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள். "சூடா இருக்குங்க. நான்தான் ஸ்டார்ட் பண்ணிட்டேன். ஏமாத்தணும்னு இல்லீங்க. தினமும் பண்றது, கை தானாப் பண்ணிருச்சு. எனக்கு... எனக்கு ஞாபகமே இல்லீங்க." ஞாபகமே இல்லை என்பதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். கிட்டுசாமி கையை வைத்துப் பார்த்தார், எடுத்தார், துண்டில் துடைத்துக்கொண்டார். "நாந்தான் சொல்லியிருந்தனுங்களே" என்றார். கோபமில்லை, அலுத்துப்போன குரல். செருப்பைத் தேடினார்.

"அவ இல்லீங்க. நான்." படிக்கட்டின் மேலே இன்னாசிமுத்து நின்றார். சுவரில் ஒரு கை, ஷூ போட்ட கால் ஒன்று அடுத்த படியைத் தேடிக்கொண்டு. "சும்மா இருங்க" என்று ஓடினாள் சலேத்மேரி. "என்னைக் காப்பாத்தறேன்னு நீங்க வேற. இறங்காதீங்க." அவர் இறங்கினார், ஒவ்வொரு படியாக, அவள் கையைப் பிடிக்காமலே. "தூங்கற மாதிரி படுத்திருந்தேன் சலேத்து. நீ கேட்டைச் சாத்தினதும் எழுந்து வந்தேன். நாளைக்கு இருக்காதே, ஒரு தரம் நானே உதைச்சுப் பாத்துரலாம்னு. தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், சொன்னா நீ வையுவே. இவர் இப்படி ஒண்ணு சொல்லி வெச்சிருக்கார்னு எனக்கு யார் சொன்னா?" அவள் நம்பவில்லை. அக்கா மறந்ததையெல்லாம் அத்தான் இருக்கும்வரை இப்படித்தான் தன் தலைமேல் போட்டுக்கொள்வார். "சரி, சொல்லுங்க. நிறுத்தினதும் என்ன பண்ணினீங்க?" "குழாயை மூடினேன். கம்பளி போத்தினேன்." "கோடு எந்தப் பக்கம் போட்டீங்க?" "எந்தக் கோடு?" என்றார் இன்னாசிமுத்து. "கம்பளியில கோடு இருக்கா?"

சலேத்மேரி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கம்பளியை எடுத்து அந்தச் சிவப்புக் கோட்டைத் தடவினாள். எனக்கு ஒன்றுமில்லை, நான் மறக்கவில்லை, பத்து மணி கோயிலில்தான் சொன்னேன், இரண்டாவது பெஞ்சில், பக்கத்தில் தும்மிக்கொண்டே இருந்தவள் பெயர்கூட எனக்குத் தெரியும். மாதாவே, நன்றி. வண்டி போகட்டும், ஓட்டலுக்கே போகட்டும், பூச்செடி வைக்கட்டும், எனக்கு என் தலை இருக்கிறது, இவரைப் படியிறக்க நான் இருப்பேன். நன்றி, நன்றி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். "சத்தியத்தை மீறினதுக்கு ராத்திரி உங்களுக்கு இருக்கு" என்றாள் உள்ளேயிருந்து.

கிட்டுசாமி ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அந்த மனுஷனின் கண்ணை இப்போதுதான் கவனித்திருப்பார் போல. வண்டியைப் பார்த்தார், கிக்கரைப் பார்த்தார், அந்த ஷூவைப் பார்த்தார். "ஏனுங்க, ராத்திரிப் பனியில நின்ன வண்டி. விடியாத நேரம். எத்தன உதை உதைச்சீங்க?" "ஒண்ணுதாங்க" என்றார் இன்னாசிமுத்து. "அது ரெண்டாவது கேக்காது." பார்வதி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஆமாங்க, ஒரே தரந்தான் கேட்டுச்சு" என்றாள், எப்போது வந்து நின்றாளோ. கிட்டுசாமி செருப்பைக் கழற்றினார். குல்லாயையும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பார்வையில்லாதவங்க இருட்டுல ஒத்த உதையில எடுத்த வண்டிய, நான் வெளிச்சத்துல வந்து என்னத்தப் பாக்கறதுங்க" என்றார். "எடுத்துக்கறேன். ஓட்டத்தானுங்க, ஞாயித்துக்கிழமையானா ஆனைகட்டி ரோட்டுல ஓட்டுவேன். ஏத்தறதுக்கு முன்னால ஒருக்கா நீங்களே எடுத்துக் குடுங்க அம்மிணி. கை மாறட்டும்."

அவள் எழுந்து சேலையை இழுத்துச் சொருகினாள். குழாயைத் திறந்தாள், பொத்தானை அழுத்தினாள், பெட்ரோல் வாடை வந்தது, உதைத்தாள். எம் இருபது எழுந்து பேசத் தொடங்கியது, தகரம் அதிர்ந்தது. இன்னாசிமுத்து வந்து ஒரு கையைப் பெட்ரோல் டாங்கில் வைத்தார், இன்னொரு கையை அவள் தோளில் வைத்தார். அவள் ஜெபமாலையை எடுத்துத் தொடங்கினாள். அருள் நிறைந்த மரியே என்று வாய் சொன்னது, மனசு அதற்குப் பக்கத்திலேயே நின்று வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது, அண்டாவுக்கு நன்றி, அந்தக் கோணி மூட்டைக்கு நன்றி, நீ ஓட்டு என்ற வாய்க்கு நன்றி, கோடு தெரியாத கண்ணுக்கு நன்றி. கிட்டுசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பத்து மணியும் விரலைத் தாண்டிப் போயின. நிறுத்துகிற இடம் அதுதான். சலேத்மேரி நிறுத்தவில்லை, பதினொன்றாவது மணியைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.